சமையல் புத்தகம்: எதைப் பார்த்து வாங்குவது, யாருக்குக் கொடுப்பது

யூடியூபில் எல்லாமே கிடைக்கும்போது சமையல் புத்தகத்துக்கு எதற்குக் காசு என்ற கேள்வி எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஜூலை மாதம் எழும். கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா நடக்கும் மாதம் அது. நான் திரும்பி வரும்போது பையில் ஒரு சமையல் புத்தகமாவது இருக்கும். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேள்வி நியாயமானதுதான். பல வருஷம் வாங்கியும், சமைத்தும், கல்யாணம் காட்சிக்குப் பரிசாகக் கொடுத்தும் பார்த்த பிறகு எனக்கு இதில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியில் பிறந்து கோவைக்கு வாழ்க்கைப்பட்டவள். அங்கே சொதியும் கூட்டாஞ்சோறும், இங்கே அரிசியும் பருப்பு சாதமும், சேவை என்று மற்ற ஊரில் சொல்கிற சந்தவையும். இரண்டு ஊர் அடுப்படிக்கும் நடுவில் நின்று சமைப்பவளுக்குப் புத்தகம் தேவைப்பட்ட காலம் உண்டு. இப்போதும் தேவைப்படுகிறது.

முதலில் செல்போனுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். கைமுறுக்கு சுற்றுவதை எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுக்க முடியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு எப்படி முறுக்கிக்கொண்டு இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். கொழுக்கட்டைக்குச் சொப்புப் பிடிப்பது, பரோட்டா மாவை வீசுவது, வாழைப்பூவில் கள்ளனை எடுப்பது எல்லாம் அப்படித்தான். கை செய்கிற வேலைக்கு வீடியோவை மிஞ்ச ஒன்றும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் சேனல் அது. அந்தப் பெரியவரும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைப்பதை நானும் ஆசையாகப் பார்ப்பேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் நான்கு பேருக்கு ராத்திரிச் சாப்பாடு செய்துவிட முடியாது. பார்க்கிற சந்தோஷம் ஒரு பக்கம், சமைக்கிற வேலை இன்னொரு பக்கம்.

அடுப்பு முன்னால் நிற்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லம் கரைந்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றியதும் நுரை பெரிது பெரிதாகக் கிளம்பும். அப்புறம் நுரை சிறுத்து, அடர்ந்து, பாகு கரண்டியில் தயங்கி வடியத் தொடங்கும். இறக்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகு ஒரு நிமிஷமோ அதற்கும் குறைவோதான். தவறவிட்டால் அதிரசம் கல்லாகிவிடும். முந்திவிட்டால் எண்ணெயில் பிரிந்து போகும். வீடியோவில் அந்த இடத்தில் "இந்தப் பதம் வந்ததும் இறக்கிடுங்க" என்பார்கள். எந்தப் பதம்? அவர்கள் வீட்டு விளக்கு வெளிச்சத்தில், அவர்கள் வாங்கிய வெல்லத்தின் நிறத்தில், கேமராவில் தெரிகிற பதம். என் வெல்லம் கறுப்பாக இருந்தால் அந்த நிறத்தை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. நல்ல புத்தகம் அந்த இடத்தில் ஒரு சோதனையை எழுதியிருக்கும்: கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பாகை விடு, கரையாமல் அடியில் தங்க வேண்டும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும், டங்கென்று கல் மாதிரி ஆகக்கூடாது. இதை எந்த வெல்லத்திலும் எந்த அடுப்பிலும் நாமே செய்து பார்த்துக்கொள்ளலாம். படம் பார்த்தவர்களுக்குத் தோற்றம் மட்டும் நினைவிருக்கும். படித்தவர்களிடம் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கும்.

கை முழுக்க மாவோடு நிற்கும்போது போன் திரை அணைந்து போவதையும், நடுவில் விளம்பரம் வருவதையும் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முழுக் குறிப்பையும் முன்னாடியே ஒரு பார்வையில் படித்துவிட முடிவது அதைவிடப் பெரிய வசதி. அரிசியை முந்தின நாளே ஊறவைக்க வேண்டுமா, பிசைந்த மாவு ஒரு நாள் இருக்க வேண்டுமா என்பது காகிதத்தில் உடனே கண்ணில் படும். பன்னிரண்டு நிமிஷ வீடியோவில் அது ஏழாவது நிமிஷத்தில் ஒளிந்திருக்கும்.

ஆனாலும் புத்தகம் வாங்க எனக்குப் பெரிய காரணம் வேறு. போனில் நமக்குக் கிடைப்பது ஒரு பண்டம். வத்தக்குழம்பு என்று தேடினால் ஒரு வீட்டு வத்தக்குழம்பு வரும். பொரியல் என்று தேடினால் வேறொரு வீட்டுப் பொரியல் வரும். இரண்டையும் ஒரே இலையில் வைத்தால் ஒன்றோடொன்று பேசாது. இரண்டிலும் தேங்காய் தூக்கலாக இருக்கும், அல்லது இரண்டிலும் காரம் ஏறியிருக்கும். நல்ல சமையல் புத்தகத்தில் கிடைப்பது ஒருவருடைய அடுப்படி முழுவதும். அவர் எவ்வளவு புளிப்பு விரும்புகிறார், சாம்பார்ப் பொடியை என்ன விகிதத்தில் அரைக்கிறார், அந்தப் பொடியை எந்தெந்தக் குழம்புக்கு எடுக்கிறார், இந்தக் குழம்புக்கு எந்தக் கறியைத் தொட்டுக்கொள்ளச் சொல்கிறார் என்று எல்லாம் ஒரே கையில் ஓடும். ஒருவருடைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சமைத்தால், அடுத்த மாதம் புத்தகத்தைத் திறக்காமலேயே அவர் கணக்கில் சமைக்க வரும். அங்கங்கே பொறுக்கிய குறிப்புகளில் இது நடந்து நான் பார்த்ததில்லை.

இதற்கு நம் மொழியிலேயே மிகச் சிறந்த உதாரணம் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951-ல் வந்தது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் அவர். உறவுக்காரர்கள் அது எப்படிச் செய்வது, இது எப்படிச் செய்வது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததால், புத்தகமாகவே எழுதிவிடேன் என்று உறவினரான கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னதில் பிறந்தது. ஊரை விட்டு வேலைக்குப் போன தம்பதிகளும், மாமியார் துணையில்லாமல் தனிக்குடித்தனம் தொடங்கிய பெண்களும் அதை வைத்துத்தான் சமையல் கற்றார்கள். கல்யாணச் சீரோடு அதையும் வைத்து அனுப்பும் வழக்கம் பல குடும்பங்களில் வந்தது. எங்கள் குடும்பச் சமையல் அது இல்லை. நாங்கள் மீனும் கறியும் சாப்பிடுகிறவர்கள். ஆனாலும் ரசத்துக்கும் ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறேன். முன்பின் சமைத்தறியாத ஒருத்தி தனியாக அடுப்பு முன்னால் நிற்பதை மனதில் வைத்து எழுதிய புத்தகம் என்பது ஒவ்வொரு குறிப்பிலும் தெரியும்.

பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அளவு. நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது 1956-ல். கிலோவும் கிராமும் கடைக்கு வரத் தொடங்கியது 1958-க்கு மேல்தான். அதற்கு முந்திய புத்தகங்களில் ஆழாக்கு, படி, பலம், ரூபாய் எடை என்றுதான் இருக்கும். ரூபாய் எடை என்பது ஒரு தோலா, ஏறக்குறைய 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், அதாவது சுமார் 35 கிராம். எட்டு ஆழாக்கு ஒரு படி. படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மில்லிலிட்டரில் மாற்றப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்வது இதுதான்: ஆழாக்கு என்ற இடத்திலெல்லாம் என் வீட்டு 200 மில்லி டம்ளரை வைத்துக்கொள்கிறேன். எல்லாச் சாமானும் அதே டம்ளரில் அளந்தால் விகிதம் மாறாது. ஆழாக்கும் ரூபாய் எடையும் கலந்து வரும் குறிப்பில் மட்டும், என் டம்ளர் ஆழாக்கைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கக்கூடும் என்பதால் பெருங்காயம், மிளகாய் போன்றவற்றை ருசி பார்த்து ஏற்றிக்கொள்வேன்.

இன்னொன்று, அடுப்பு. பிரஷர் குக்கர் இங்கே தயாராகத் தொடங்கியதே 1950-களின் கடைசியில்தான். அதற்கு முந்திய குறிப்புகள் கரி அடுப்பையும் வெண்கலப் பானையையும் நினைத்து எழுதியவை. பருப்பு வேகும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் ஓரத்தில் பென்சிலால் "குக்கர், நாலு விசில்" என்று எழுதி வைத்துவிடுவேன். புத்தகத்தில் எழுதுவதைப் பாவமாக நினைக்கிறவர்கள் உண்டு. சமையல் புத்தகத்துக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, கடையில் நிற்கிறோம். கையில் ஒரு புதுப் புத்தகம். நல்லதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தெரியாத பலகாரத்தின் பக்கத்தைப் புரட்டாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, உங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்கிற ஒன்றைத் தேடி அந்தப் பக்கத்தைப் படியுங்கள். எனக்கு அது சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கிற எங்கள் ஊர்ச் சொதி. தேங்காயைத் திருகி மூன்று பால் எடுக்க வேண்டும். காய்கள் வேகிறது மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும். வெந்த சிறுபருப்பும், இஞ்சி பச்சைமிளகாய் அரைத்த விழுதும் சேர்ந்து கொதித்த பிறகுதான் கெட்டியான முதல் பால். அது விழுந்ததும் தீயைத் தணித்துவிட வேண்டும். ஓரத்தில் லேசாக நுரை கட்டும்போது இறக்க வேண்டும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பை விட்டு இறக்கிய பிறகு, சூடு கொஞ்சம் அடங்கினதும். இவ்வளவும் தெரிந்தவள் நான். ஆகவே புத்தகத்தைத் திறந்ததும் முதல் பால் ஊற்றும் வரிக்குத்தான் கண் போகும். "முதல் பால் சேர்த்துக் கொதி வருமுன் இறக்கவும், ஆறியபின் எலுமிச்சைச் சாறு" என்று இருந்தால், எழுதியவர் இதைத் தன் கையால் செய்திருக்கிறார் என்று அர்த்தம். "எல்லாவற்றையும் சேர்த்து நன்றாகக் கொதிக்க விட்டு இறக்கவும்" என்று இருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். சொதியில் அப்படி எழுதியவரின் மற்ற குறிப்புகளை நான் எப்படி நம்புவது?

உங்களுக்கு அது ரவா உப்புமாவாக இருக்கலாம், மீன் குழம்பாக இருக்கலாம், நோன்புக் கஞ்சியாக இருக்கலாம். ஒவ்வொரு பண்டத்திலும் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் எழுதியவர் எச்சரிக்கிறாரா என்று பாருங்கள். படம், அட்டை, பெயர், முன்னுரை எதுவும் இதற்கு ஈடாகாது.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் நாள்பட உறுத்துபவை. எத்தனை பேருக்கு என்று ஒவ்வொரு குறிப்பிலும் இருக்கிறதா? பின்பக்கத்தில் அகரவரிசைப் பட்டியல் இருக்கிறதா? நம் தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் பொருளடக்கம் மட்டும்தான் இருக்கும். வீட்டில் பீர்க்கங்காய் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று தேட வழி இருக்காது. பதிப்பாளர்கள் இதை யோசிக்க வேண்டும். மேசையில் விரித்து வைத்தால் திறந்தபடி நிற்கிறதா? வழவழக் காகிதத்தில் எண்ணெய்க் கை பட்டால் துடைத்துவிடலாம், ஆனால் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும், பென்சில் ஏறாது. எனக்குச் சாதாரணக் காகிதம்தான் பிடிக்கும்.

சிறுதானியப் புத்தகம் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி நிறைய புத்தகங்கள் வந்தன. நல்லவையும் உண்டு. அரிசிக் குறிப்பை எடுத்து அரிசி என்ற இடத்தில் சாமை, வரகு என்று மாற்றிப் போட்டவையும் உண்டு. கம்பும் சாமையும் ஒரே தண்ணீரில், ஒரே நேரத்தில் வேகாது. கம்பை ஊறவைத்தோ இடித்தோதான் எடுக்க வேண்டும். தானியத்துக்குத் தானியம் தண்ணீர் அளவைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். ஆன்லைனில் முகம் தெரியாத பெயரில், வேறெங்கும் ஒரு சுவடும் இல்லாதவர் எழுதியதாக வரும் புத்தகங்களை நான் தொடுவதே இல்லை. கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததை அச்சடித்து விற்கிற காலம் இது. யாரும் சமைத்துப் பார்க்காத குறிப்பை நம் வீட்டு அரிசியை வைத்துச் சோதிப்பானேன்?

விலையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் முதலில் நூலகத்துக்குப் போங்கள். மாவட்ட மைய நூலகத்தில் சமையலுக்கு ஓர் அலமாரி நிச்சயம் இருக்கும். எடுத்து வந்து இரண்டு வாரம் சமைத்துப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க மனம் வராத புத்தகத்தைக் கடையில் வாங்குங்கள். அவள் விகடன் போன்ற இதழ்களோடு வந்த "30 வகை" இணைப்புகளை வீட்டில் யாராவது சேர்த்து வைத்திருந்தால் பழைய பேப்பருக்குப் போட விடாதீர்கள். குறிப்புகள் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், ஆனால் ஒரே பொருளை வைத்து முப்பது விதம் யோசிக்கிற பழக்கத்தை அவைதான் எனக்குக் கொடுத்தன. வகை வாரியாகப் பிரித்து பைண்டிங் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி பரிசு. இதில் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு.

கல்யாண மண்டபத்தில் சமையல் புத்தகம் கொடுக்காதீர்கள். சுவர்க் கடிகாரங்களோடும் டின்னர் செட்டுகளோடும் போய்ப் பரணில் ஏறிவிடும். குடித்தனம் வைத்து ஓரிரு மாதம் போகட்டும். அதற்குள் ஓட்டல் சாப்பாடு அலுத்திருக்கும், கேஸ் இணைப்பு வந்திருக்கும், எதெது செய்யத் தெரியவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும். அப்போது வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தால் அன்றைக்கே பிரிப்பார்கள்.

அப்புறம், அதைப் பெண்ணிடம் மட்டும் நீட்டாதீர்கள். இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுங்கள். புத்தகத்தைப் பெண் கையில் வைத்தால் இனி அடுப்படி உன் பொறுப்பு என்று சொன்னதாக ஆகிவிடும். அந்த அர்த்தத்தில் எந்தப் பரிசும் இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். என் அண்ணன் மகளுக்கும் மருமகனுக்கும் அப்படி இருவர் பெயரும் எழுதித்தான் கொடுத்தேன். இன்றைக்கு அதை அதிகம் எடுப்பது மருமகன்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் "அத்தை, இதுல ஒரு கை கறிவேப்பிலைன்னு போட்டிருக்கே, உருவினதா, காம்போடயா?" என்று போன் வரும்.

வருஷக்கணக்காகச் சமைத்துக் கைதேர்ந்தவர்களுக்கு அடிப்படைச் சமையல் புத்தகம் கொடுக்கக்கூடாது. அவர்களுக்கு வேறு ஊர்ச் சமையலைக் கொடுங்கள். கொங்கு நாட்டு மாமிக்குச் செட்டிநாடு, எங்கள் ஊர்க்காரர்களுக்கு நாஞ்சில் நாட்டுத் தீயலும் புளிமுளமும், சைவச் சமையலில் ஊறியவருக்குக் குஜராத்தி ஃபர்சான் என்கிற நொறுக்குத் தீனி வகைகள். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியாத ஊர்ச் சமையல் சுலபமாகப் பிடிபடும், ஆசையும் இருக்கும். என் மாமியாருக்குச் செட்டிநாட்டுப் பலகாரப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கந்தரப்பத்தைப் படித்துவிட்டு, "நம்ம கச்சாயத்துக்கு அக்கா முறையாட்டம் இருக்குது கண்ணு" என்று சொல்லி, மறுநாளே அரிசி ஊறப்போட்டுவிட்டார்.

ஆனால் நான் கொடுத்ததிலேயே மிக நன்றாகப் பயன்பட்ட புத்தகம் புதுத் தம்பதிக்குக் கொடுத்தது அல்ல. என் தாய்மாமாவுக்குக் கொடுத்தது. அத்தை போன பிறகு அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக அடுப்பு பற்ற வைத்தவர் அவர். மகன் டேப்லெட்டில் சேனல்களை எல்லாம் போட்டுக் கொடுத்திருந்தான். மாமாவுக்கு அது ஒத்துவரவில்லை. அவர்கள் பேசுகிற வேகம், இடையில் சிரிப்பு, பாட்டு, எல்லாம் தலை சுற்ற வைக்கிறது என்றார். அவர் கணக்கு எழுதிப் பழகியவர். எதையும் முந்தின நாளே படித்து, தாளில் குறித்து, அப்புறம் செய்கிறவர். அவருக்கு எழுத்து பெரிதாக இருந்த, ரசம், குழம்பு, பொரியல், துவையல் மட்டும் உள்ள ஒல்லியான புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கினேன். தடிமனான புத்தகம் அவரை மலைக்க வைத்திருக்கும்.

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மறுநாள் பக்கத்தைப் படிப்பார். காலையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எல்லாவற்றையும் அளந்து வரிசையாக வைத்துக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பார். அந்தப் புத்தகத்தில் ஒரு குறை இருந்தது. எல்லாக் குறிப்பின் முடிவிலும் "தாளித்துக் கொட்டவும்" என்று மட்டும் இருந்தது. தாளிப்பது எப்படி என்று எங்கும் இல்லை. மாமா கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணெயில் போட்டு, கடுகு வெடிப்பதற்குள் பருப்பு கருகுகிறது என்று கேட்டார். முன்பக்க வெற்றுத் தாளில் நான் எழுதிக் கொடுத்தேன்: எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் கடுகு மட்டும், வெடித்து அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு, அது பொன்னிறம் வந்ததும் மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை, போட்டதும் அடுப்பை அணைத்துவிடலாம். புதிதாகச் சமைக்க வருகிறவருக்குப் புத்தகம் வாங்கும்போது, தாளிப்பு, வதக்கல், புளி கரைசல், மாவு பிசைதல் இவற்றை விவரித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த நான்கையும் நீங்களே எழுதி ஒட்டிக் கொடுங்கள். மாமா இப்போது மிளகு ரசம் வைத்தால் தெருவே மணக்கும். பக்கத்து வீட்டுக்கும் ஒரு டம்ளர் போகும்.

புத்தகத்தோடு சேர்த்து ஓர் அளவுச் சாமான் கொடுங்கள் என்பது இன்னொரு யோசனை. சமையலறை எடைக் கருவி இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது கட்டுப்படி ஆகவில்லை என்றால் அளவுக் கரண்டிகளும் ஒரு கப்பும் போதும். புத்தகத்தைப் பார்த்துச் செய்தும் சரியாக வரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ஸ்பூன் என்றதும் கைக்குக் கிடைத்த ஸ்பூனை எடுத்தவர்கள்.

இதையெல்லாம் தாண்டி, கடையில் கிடைக்காத ஒரு புத்தகம் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. மாமியாரின் சமையலை நான் எழுதி எடுத்தேன். "ரெண்டு கை போடு கண்ணு", "கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றுதான் அவர் அளவு சொல்வார். வற்புறுத்திக் கேட்டால் அவருக்கே குழம்பிவிடும். ஆகவே கேட்பதை விட்டுவிட்டு அளந்தேன். சமைக்கத் தொடங்கும் முன் உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் எடை போட்டுக் குறித்துக்கொள்வேன். அவர் பாட்டுக்குச் சமைப்பார். முடிந்ததும் மறுபடி எடை போடுவேன். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் கை அளவு. ஒரே பண்டத்தை வேறு வேறு நாளில் இப்படி அளந்து பார்த்தபோது, அவர் கை அநேகமாக மாறவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அரிசியும் பருப்பு சாதத்துக்கு மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் எந்தப் பதத்தில் தட்ட வேண்டும், சின்ன வெங்காயம் எவ்வளவு வதங்க வேண்டும் என்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்து வார்த்தையில் எழுதினேன். சந்தவை பிழிகிறதைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். அது கை வேலை, எழுத்தில் வராது.

எழுதியதைத் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டேன். ஒரு பிரதிக்கு ஆன செலவு, கடையில் வாங்குகிற நல்ல தமிழ்ச் சமையல் புத்தகத்தின் விலையை விடக் குறைவு. இடது பக்கம் குறிப்பு, வலது பக்கம் காலி. அவரவர் வீட்டில் மாற்றியதை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டேன். போன பொங்கலுக்குக் குடும்பத்தில் எல்லாருக்கும் அதுதான் கொடுத்தேன். இதுவரை வந்த குறைகள் இரண்டு. வெள்ளாட்டுக் கறிக் குழம்புக்கு மசாலா வறுக்கும் வரிசை தெளிவாக இல்லையாம். கொள்ளு ரசம் இல்லவே இல்லையாம். கொள்ளு வாங்கி வைத்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அடுப்பு முன்னால் நிறுத்தி, தராசோடு பக்கத்தில் நிற்கப் போகிறேன்.